மங்குஸ்தீன் தோலும் பத்துத் துவைப்பும்

டாக்டர் அம்பிகைபாகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தை இரண்டாம் முறை படித்தார். எதிரே நாற்காலியின் நுனியில் புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு துணி குடுத்தனீர். ஒன்று உம்முடைய மங்குஸ்தீன் தோல் சாற்றில் ஊறினது. மற்றது ஒன்றும் போடாத வெறும் வெள்ளை. சரியோ?"

"சரிங்க டாக்டர்."

"இரண்டையும் நீர் பத்துத் தரம் துவைச்சுக் குடுக்க, பிறகு கிருமியை விட்டுப் பார்த்திருக்கினம். சாறு போட்ட துணியில் கிருமி கிட்டத்தட்ட இல்லை."

புஷ்பவள்ளியின் முகம் மலர்ந்தது. டாக்டர் கையை உயர்த்தினார்.

"அவசரப்படாதையும். சாறு போடாத துணியிலும் இல்லை."

"அது எப்படி டாக்டர்?"

"அதைத்தான் நான் உம்மட்டைக் கேக்கிறன். வெறும் துணியே கிருமியைக் கொல்லுமெண்டால், உம்முடைய சாறு எதுக்கு? தோலை உலர்த்தி, இடிச்சு, காய்ச்சி இவ்வளவு பாடு எதுக்கு?"

அவள் முன்னால் குனிந்து அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

டாக்டருக்கு டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் பன்னிரண்டு கட்டிலுள்ள சிறிய பிரசவ விடுதி. மழை மாதங்களில் பிள்ளைகளைச் சுற்றும் துணிகள் சரியாகக் காயாமல் முடை நாற்றம் அடிக்கும். பச்சைக் குழந்தைகளின் கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் சீழ்க் கொப்புளம் வரும். கடையில் விற்ற ஒரு மருந்துத் திரவத்தில் துணிகளை அலசிப் பார்த்தார். கொப்புளம் போய்த் தடிப்பு வந்தது. அந்தக் கவலையில் அவர் இருந்தபோதுதான் புஷ்பவள்ளி தன் கைக்குழந்தைக்கு ஊசி போட வந்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணி தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்து, "இது என்ன நிறம்?" என்று கேட்டார்.

அவள் ஒன்பது வருடம் பிறை ஊர்த் துணி ஆலையில் சாயப் பிரிவில் இருந்தவள். பிள்ளைப்பேற்றுக்காக வீட்டிலிருந்தபோது கை சும்மா இருக்கவில்லை. கணவன் தின்று போட்ட மங்குஸ்தீன் தோலைக் காய்ச்சி, படிகாரம் சேர்த்து, குழந்தையின் பருத்தித் துணிகளில் பாதியை அதில் ஊறப்போட்டாள். நிறத்துக்காகத்தான் செய்தாள். ஆனால் அடைமழை வந்ததும் வெள்ளைத் துணிகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. நிறம் ஏற்றிய துணிகளில் விழவில்லை. நாற்றமும் இல்லை. இதைச் சொன்னதும் டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கிருமியை விட்டுப் பார்த்து எழுதின காகிதம் கொண்டு வாரும். வருசம் முழுக்க என்னுடைய விடுதித் துணி உம்முடைய பொறுப்பு."

அந்தக் காகிதம்தான் இப்போது அவர் கையில் இருந்தது.

"திங்கட்கிழமை பின்னேரம் துணிக் கடைக்காரருக்கு ஓர்டர் குடுக்க வேணும். வழக்கம்போல வெள்ளை. அதற்குள்ளே ஏதும் பிழை கண்டுபிடிச்சால் வாரும். இல்லாட்டிப் பரவாயில்லைப் பிள்ளை, உம்மில கோவமில்லை."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது புஷ்பவள்ளிக்கு. அவளுக்கும் திங்கட்கிழமைதான் கெடு. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு பகல் மாறி மாறி வரும் வேலை ஒன்று புதிதாகக் கிடைத்திருந்தது. திங்கள் காலை ஆறு மணிக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வாசலில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். ஏறினால் ஐந்து மாதக் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகவேண்டும். முதல் நாளே ஏறாவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்கு. டாக்டரின் துணி கிடைத்தால் குழந்தையும் வேலையும் ஒரே வீட்டில். இல்லாவிட்டால் பஸ்.

விடுதியிலிருந்து நேரே கெலுகோருக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் சலேஹா அவளுடைய பழைய தோழி. ஆலையில் இருவரும் ஒரே சாயத் தொட்டியின் இரண்டு பக்கம் நின்றவர்கள். சலேஹா பிறகு படித்து, வெள்ளை அங்கி போடும் வேலைக்கு வந்துவிட்டாள்.

"துணி மாறிப்போச்சா சலேஹா?" மலாயில் கேட்டாள்.

"எப்படி மாறும்? ஒன்று தேத்தண்ணி நிறம், ஒன்று வெள்ளை. எனக்குக் கண் தெரியாதா?"

"கிருமி வளர்க்கிற தட்டுல தப்பு?"

"ஒவ்வொரு துணிக்கும் மூன்று தட்டு போட்டேன் புஷ்பா. மூன்றும் ஒரே மாதிரி. வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்து நிறைந்திருக்கணும். நிறத் துணி மாதிரியே நாலு, ஐந்துதான் இருந்தது. எனக்கே ஆச்சரியம் லா." சலேஹா மேசை இழுப்பறையிலிருந்து பாலிதீன் பையை எடுத்தாள். "மிச்சத் துணி. எடுத்துக்கொண்டு போ. உன் சாறு வேலை செய்யுதோ இல்லையோ, வாசனை அருமை. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் கெமெஞான் போடுவோமே, அதே வாசனை. அதையும் சேர்த்திருக்கிறாய் என்று எனக்குச் சொல்லவே இல்லையே!"

"நான் கெமெஞான் சேர்க்கலையே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

புஷ்பவள்ளி பையைப் பிரித்து நிறத் துணியை முகர்ந்தாள். சாம்பிராணி. வெள்ளைத் துணியை முகர்ந்தாள். அதே சாம்பிராணி.

"சாம்பிராணிப் புகைக்குக் கிருமி சாகுமா?"

சலேஹா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "புகை படிந்தால் பிசின் படிந்த மாதிரிதானே! சாகாமல் என்ன செய்யும்? ஐயோ, வாசனை வந்தபோதே நான் கேட்டிருக்கணும். இரண்டிலும் இருந்ததால் உன் மருந்து என்று நினைத்துவிட்டேன். யார் போட்டது?"

புஷ்பவள்ளிக்குத் தெரிந்துவிட்டது. போன வியாழக்கிழமை அவள் தொழிற்சாலையின் மருத்துவச் சோதனைக்குப் போயிருந்தாள். பத்தாவது துவைப்பு முடிந்து கழியில் தொங்கிய துணிகளை ஐந்து மணிக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கும் பொறுப்பு இன்னொருவருடையது.

அந்த இன்னொருவர் அவள் கணவன் ராமதாஸ். ஃபெரியில் கயிறு பிடிக்கும் வேலை. அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் காலை ஷிப்ட் முடிந்து, குழந்தையை முழங்காலில் உட்கார வைத்து, கப்பல் மாதிரி ஊதிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, போன வியாழன் துணியை எப்படிக் காய வச்சீங்க?"

"ஏன், நல்லாத்தானே காய்ஞ்சிருந்துச்சு?"

"எப்படின்னு கேட்டேன்."

ராமதாஸ் பெருமையோடு நிமிர்ந்தான். "மூணு மணிக்குப் பிடிச்ச மழை, விடவே இல்ல. துணி சொட்டச் சொட்ட இருக்கு. அஞ்சு மணிக்குக் குடுக்கணும்ங்கிற. வேற ஆளா இருந்தா கைய விரிச்சிருப்பான். நான் என்ன செஞ்சேன்? பாப்பாவுக்குச் சாம்பிராணி போடுற சட்டியில தணலை மூட்டினேன். மேல கூடையைக் கவுத்தேன். துணிய விரிச்சேன். அரை மணி நேரம். மொறுமொறுன்னு அப்பளம் மாதிரி எடுத்துட்டேன்."

"வெறும் தணலா?"

"வெறும் தணலா எப்படிப் போடுறது? பிள்ளைத் துணியாச்சே. ரெண்டு கரண்டி சாம்பிராணி அள்ளிப் போட்டேன். நல்ல பொடி, லிட்டில் இந்தியா கடையில வாங்கினது."

புஷ்பவள்ளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ராமதாஸின் நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்ப நான் போட்ட புகைதான் கிருமியைக் கொன்னுச்சா?"

"ஆமா."

"உன் மங்குஸ்தீன்?"

"கொன்னுச்சா இல்லையான்னே தெரியல. உங்க புகை மறைச்சிருச்சு."

"நான் பேசாம கையை விரிச்சிருக்கலாம்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைத் துணி என்றால் புகை போடாமல் வெளியே அனுப்ப அவளுக்கே மனம் வந்திருக்காது. அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் அவளே செய்திருப்பாளோ என்னவோ. அம்மா சிரிப்பதைப் பார்த்துக் குழந்தையும் பொக்கை வாயைத் திறந்தது. "நீயும் சேர்ந்துக்கிட்டியா?" என்றான் ராமதாஸ் அதனிடம்.

சலேஹா ஏற்கெனவே வழி சொல்லி அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் புதுத் துணி இரண்டு வந்தால், அன்றைக்கே கிருமியை விட்டு வைப்பாள். சனிக்கிழமை அரை நாள் வேலையில் தட்டில் போடுவாள். திங்கள் காலை எண்ணிச் சொல்லிவிடுவாள். ஆனால் எட்டு மணிக்கு முன்னால் முடியாது. தொழிற்சாலை பஸ்ஸோ ஆறு மணிக்கு.

வியாழன் விடியற்காலையே புஷ்பவள்ளி வாளியை எடுத்தாள். சாறேற்றி வைத்திருந்த துணிச் சுருளிலிருந்து ஒரு முழம். அதே பருத்தியில் சாறு போடாத வெள்ளை ஒரு முழம். தனித்தனி வாளி. விடுதியில் போடும் அதே சவர்க்காரம், அதே அளவு. கும்மி, அலசி, பிழிந்து, உதறினால் ஒரு துவைப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு துணியின் ஓரத்திலும் ஒரு நூல் முடிச்சு போட்டாள்.

"நான் பிழிஞ்சு தரட்டுமா?" என்றான் ராமதாஸ்.

"நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. தொடாதீங்க."

"பாக்கலாமா?"

"பாக்கலாம்."

முதல் துவைப்பில் நிறத் துணியின் வாளித் தண்ணீர் தேத்தண்ணீர் மாதிரி ஆனது. இரண்டாவதில் வெளிறியது. அவளுக்கு அது புதிதில்லை. ஒட்டாமல் மேலே நின்ற சாறு முதலில் இறங்கிவிடும். மூன்றாவதில் இலேசான மஞ்சள். நான்காவதில் தண்ணீர் தெளிந்தது. அன்று ஆறு துவைப்பு முடிந்தது. வெள்ளிக்கிழமை ஏழு, எட்டு, ஒன்பது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. துணி மட்டும் அதே தே தாரிக் நிறத்தில் நின்றது.

பத்தாவதை அலசி நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மணி ஒன்றரை. மழை.

"வரட்டும்," என்றாள். அறைக் கதவைச் சாத்தி, கொடி கட்டி, மேசை விசிறியைத் துணிப் பக்கம் திருப்பி வைத்தாள்.

ராமதாஸ் திடீரென்று துள்ளி எழுந்தான். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை!"

"அதுக்கென்ன?"

"எல்லா வீட்டுலயும் சாம்பிராணி!"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் நடைக்கூடத்துக்கு ஓடிவிட்டான். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானமே ஆரம்பித்துவிடுவாள். அவள் போடும் புகையில் மாடியே மறையும். புஷ்பவள்ளிக்கு உள்ளிருந்தே பேச்சு கேட்டது.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் புகை வேணாம்க்கா. நாலு மணி வரைக்கும்."

"என்னடா பேச்சு இது? சாமிக்குப் புகை போடாதேன்னு சொல்ல வந்துட்டான்! மதம் மாறிட்டியா?"

"இல்லக்கா. எங்க வீட்டுல ரெண்டு துணி காயுது."

"என் வீட்டுப் புகைக்கும் உன் வீட்டுத் துணிக்கும் என்னடா சம்பந்தம்?"

"கிருமி செத்துப் போயிரும்க்கா!"

"சாகட்டுமே! நல்லதுதானே!"

"சாகக்கூடாதுக்கா! வெள்ளைத் துணியில உயிரோட இருக்கணும்!"

பிறகு ஜெயலெட்சுமி அக்காவின் குரல், மிக மெதுவாக: "தம்பி, ராத்திரி சரியாத் தூங்குறியா?"

புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் அன்றைக்கு நாலு மணி வரை அந்த மாடியில் யாரும் புகை போடவில்லை. மூன்றரைக்குத் துணிகள் காய்ந்தன. புதுப் பையில் போட்டுக் கட்டி, குழந்தையை ராமதாஸிடம் கொடுத்துவிட்டு, அவளே கெலுகோருக்குக் கொண்டுபோனாள். சலேஹா வாங்கியவுடன் முதல் வேலையாக இரண்டையும் முகர்ந்து பார்த்தாள்.

"ஒன்றும் இல்லை. சவர்க்கார வாசனை மட்டும்."

"அப்பாடா!"

சனியும் ஞாயிறும் நகரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை கொடுத்த நீலச் சட்டையை மடித்து எடுத்து வைத்தாள். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஜெயலெட்சுமி அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். எல்லாம் தயார்.

திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு, நீலச் சட்டையோடு கீழே இறங்கினாள். ராமதாஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். வேறு நாலைந்து பெண்கள் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றார்கள்.

"ரிசல்ட் நான் போய் வாங்கி டாக்டர்கிட்ட குடுத்துடுறேன்," என்றான் ராமதாஸ். "இந்தத் தடவை எதையும் காய வைக்க மாட்டேன்."

"ம்."

"நல்லா வந்தா நாளைக்கே வேலைய விட்டுடு. வரலன்னா வேலை இருக்கு. ரெண்டு பக்கமும் பத்திரம்தானே?"

கணக்கு சரிதான். ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும். இந்த வேலைக்குச் சேர்வதென்றால் இன்று காலை ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அப்புறம் மங்குஸ்தீனாவது, தோலாவது. பஸ் முனையில் திரும்பியது. விளக்கு வெளிச்சம் சுவரில் விழுந்தது.

கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? தட்டில் என்ன முளைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீர் தெரியும். ஒன்பது வருடம் சாயத் தொட்டியில் அவள் பார்த்தது தண்ணீரைத்தான். சாயம் துணியைப் பிடித்துக்கொண்டதா, சும்மா மேலே நிற்கிறதா என்று அலசும் தண்ணீர் சொல்லிவிடும். நாலாவது துவைப்பிலிருந்து பத்தாவது வரை தண்ணீர் தெளிவு. சாறு துணியை விட்டுப் போகவில்லை. போகாத சாறு தன் வேலையைச் செய்யாமலா இருக்கும்?

பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். டிரைவர் அவளைப் பார்த்து, "நைக்கா, தக்?" என்று கத்தினான். ஏறுகிறாயா இல்லையா?

"தக்," என்றாள் புஷ்பவள்ளி.

பஸ் போய்விட்டது. ராமதாஸ் பஸ்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன இப்படிச் செஞ்சுட்ட?"

"திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க. எட்டு மணிக்கு எனக்கு நேரம் இருக்காது."

அவன் குழந்தையின் முதுகைத் தட்டினான். "திட்டல லா. சோத்துப் பாத்திரத்துல நெத்திலி சம்பல் கட்டி வச்சிருக்கேன். அதை இப்ப பசியாறிடலாமான்னு கேக்க வந்தேன்."

எட்டே காலுக்கு சலேஹா ஆறு தட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டாள். "நான் சொல்ல மாட்டேன். நீயே பார்."

வெள்ளைத் துணியின் மூன்று தட்டுகளில் கசகசா கொட்டிய மாதிரி புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டி, எண்ண முடியாமல். நிறத் துணியின் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றும். புஷ்பவள்ளி விரலால் எண்ணத் தொடங்கினாள். சலேஹா தடுத்தாள். "எண்ணியாகிவிட்டது. முப்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்து மூன்று." சொல்லிவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அம்பிகைபாகன் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சாம்பிராணிக் கதையைக் கேட்டபோது அவர் வயிறு குலுங்கியது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் பழையபடி கண்ணாடியைத் துடைத்தார்.

"போன முறை உம்முடைய துணியில் ஐந்து. இப்ப முப்பத்தாறு. உம்மைவிட உம்முடைய அவருடைய புகை திறம் போல கிடக்கு."

"புகை ஒரு துவைப்புல போயிடும் டாக்டர். இது பத்துத் துவைப்புக்கும் நின்னுச்சு."

"புகை ஒரு துவைப்பில் போகுமெண்டு சோதிச்சுப் பார்த்தனீரோ?"

"இல்லைங்க டாக்டர். அது என் எண்ணம். பார்க்கலை."

"ஓம். பார்க்கேல்லை எண்டு சொன்னீரே, அது நல்லது." அவர் காகிதத்தை மடித்தார். "பதினைந்தாம் துவைப்பில் என்ன நடக்கும்? இருபதில்?"

"அதுவும் தெரியாது. அதனால பத்துக்கு மேல விடவேண்டாம். ஒவ்வொரு துவைப்புக்கும் உங்க சலவைக்காரம்மா ஓரத்துல ஒரு முடிச்சு போடட்டும். பத்து முடிச்சு ஆனதும் எனக்கு அனுப்பிடுங்க. மறுபடி சாறுல ஊறப்போட்டுத் தரேன்."

"ஒவ்வொரு பத்துக்கும்?"

"ஒவ்வொரு பத்துக்கும்."

டாக்டர் தொலைபேசியை எடுத்துத் துணிக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்த வருடம் வெள்ளைத் துணியை வெட்டித் தைக்காமல் சுருளாகவே ஜெலுத்தோங்குக்கு அனுப்பச் சொன்னார். விலாசத்தைப் புஷ்பவள்ளியிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். மூன்றாம் மாடி என்பதை அவள் இரண்டு தரம் சொன்னாள்.

ஃபோனை வைத்ததும், "முதல் ஐம்பது துணி எப்ப?" என்றார்.

"பத்து நாள் டாக்டர்."

"மங்குஸ்தீன் காலம் முடியப்போகுதே. பிறகு தோலுக்கு எங்க போவீர்?"

"இப்பவே வருசத்துக்கும் உலர்த்தி வச்சுக்கணும்," என்று எழுந்தாள் புஷ்பவள்ளி.

அடுத்த நாள் காலை ஜெலுத்தோங் பாசாரில் பழக்கடை வேலு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். எதிரே ராமதாஸ், இரண்டு கோணிப்பையோடு. கொஞ்சம் தள்ளிப் புஷ்பவள்ளி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"தோல் மட்டுமா? ரெண்டு மூட்டையா? அண்ணே, பழத்தை யாரு தின்கிறது?"

"உன் கடையில நின்னு தின்கிறவங்க தோலை எங்க போடுறாங்க?"

"கீழதான். பெருக்கி அள்ளுறதே பெரிய வேலை."

"இனிமே பெருக்க வேணாம். ஒரு தொட்டி வை. தினமும் நான் வந்து எடுத்துக்குறேன்."

வேலு சந்தேகத்தோடு புஷ்பவள்ளியைப் பார்த்தான். "நெசமாவா அக்கா? இந்தக் குப்பையை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"பிள்ளைங்களுக்குத் துணி," என்றாள் அவள்.

அவனுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் ஒரு காலித் தகர டின்னை இழுத்துக் கடை முன்னால் வைத்தான். பழம் தின்றுகொண்டிருந்த இரண்டு பேரைப் பார்த்து, "தோலைக் கீழ போடாதீங்க, இதுல போடுங்க!" என்று அதிகாரமாகச் சொன்னான். புஷ்பவள்ளி குனிந்து முதல் தோலை எடுத்து, ஊதாச் சதையை நகத்தால் கீறிப் பார்த்தாள். நல்ல சாறு. கோணியின் வாயை அகலமாக விரித்தாள்.